28 மைலேஜ் என்று சொல்லி 20 மைலேஜ் வண்டியைத் தலையில் கட்டுகிறார்கள்: மிட்சைஸ் எஸ்யூவி வாங்குவோர் கவனத்துக்கு

2025 தீபாவளி நேரத்தில் மேற்கு மாவட்டம் ஒன்றில் நடந்த விற்பனை இது. டீலர் பெயர் இங்கே வேண்டாம். இதே வேலை பல ஊர்களில் நடக்கிறது.

ஐந்து பேர் உள்ள குடும்பம். தினமும் ஊருக்குள் 30 கிலோமீட்டர் ஓட்டம், எப்போதாவது வெளியூர். மைலேஜ்தான் முக்கியம் என்று சொல்லித்தான் ஷோரூமுக்குள் போனார்கள். கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் என்று இரண்டு நிறுவனங்களின் பெயரில் விற்கும் இரட்டை வண்டிகளில் ஒன்றைக் காட்டி, "ஹைப்ரிட் சார், 28 கொடுக்கும்" என்றார் சேல்ஸ்காரர். டெஸ்ட் டிரைவில் வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது. சிக்னலில் இன்ஜின் அணைந்து கிடந்தது. திரும்பி வந்தபோது திரை 26 காட்டியது. அன்றே 25,000 ரூபாய் கட்டிவிட்டார்கள். டெலிவரி ஆன வண்டியோ ஊருக்குள் 12-ஐத் தாண்ட மறுக்கிறது. ஓட்டிப் பார்த்தது ஸ்ட்ராங் ஹைப்ரிட், கைக்கு வந்தது மைல்ட் ஹைப்ரிட் ஆட்டோமேட்டிக். "நீங்க எடுக்கிற வேரியன்ட்டுக்கு டெமோ கார் இல்லை, இதுவும் அதுவும் ஒண்ணுதான்" என்று சொல்லி ஓட்டக் கொடுத்திருக்கிறார்கள். புக்கிங் படிவத்தில் வேரியன்ட் பெயர் சரியாகவே இருப்பதால், "கையெழுத்துப் போட்டதைத்தானே கொடுத்தோம்" என்கிறார் டீலர்.

ஹைப்ரிட் என்றால் பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்த வண்டி, ஆனால் இந்த இரண்டும் ஒன்றல்ல. வெளியே ஒரே உடம்பு, உள்ளே வேறு வேறு இயந்திரம். மைல்ட் ஹைப்ரிடில் இருப்பது 1462 சிசி, நான்கு சிலிண்டர், 103 பிஎஸ் (குதிரைத்திறன்) பெட்ரோல் இன்ஜின். அதோடு பெல்ட் போட்டு இணைத்த ஒரு சின்ன ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர். அது சிக்னலில் இன்ஜினை அணைத்து மறுபடி கிளப்பும், வேகம் எடுக்கும்போது கொஞ்சம் தள்ளிவிடும், அவ்வளவே. மோட்டார் மட்டும் வண்டியை ஓட்டாது. ஸ்ட்ராங் ஹைப்ரிடில் 1490 சிசி, மூன்று சிலிண்டர், பெட்ரோலை மிச்சப்படுத்தும் அட்கின்சன் சுழற்சி இன்ஜின், அதனுடன் சக்கரத்தைத் தானே சுழற்றக்கூடிய மோட்டார், பின்னால் 0.76 கிலோவாட் மணி லித்தியம் பேட்டரி. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 116 பிஎஸ். அறிவிக்கப்பட்ட மைலேஜ் ஸ்ட்ராங்குக்கு 27.97, மைல்டுக்கு மேனுவலில் 21.11, ஆட்டோமேட்டிக்கில் 20.58. சேல்ஸ்காரர் சொன்ன 28 பொய்யல்ல, பக்கத்தில் நின்ற வண்டியின் எண் அது.

ஷோரூமிலேயே இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். கியர் லீவரில் P, R, N, D-க்கு அடுத்து B என்ற இடம் இருந்தால் ஸ்ட்ராங் ஹைப்ரிட். அதன் மீட்டரில் ஆர்பிஎம் முள் இருக்காது, சார்ஜ், ஈகோ, பவர் என்று பிரித்த அளவி இருக்கும். ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் இன்ஜின் சத்தம் வராமல் 'ரெடி' விளக்கு எரியும். பானெட்டைத் திறந்தால் தடித்த ஆரஞ்சு நிறக் கேபிள்கள் தெரியும் (தொடாதீர்கள், உயர் மின்னழுத்தம்). டிக்கியையும் திறந்து பாருங்கள். பேட்டரி உட்கார்ந்திருப்பதால் தரை மேடாக இருக்கும். மைல்டில் 373 லிட்டர் இடம், ஸ்ட்ராங்கில் 265 லிட்டர்தான். இரண்டு பெரிய பெட்டியோடு ஊருக்குப் போகும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை, ஆனால் ஷோரூமில் யாரும் இதைத் தாமாகச் சொல்வதில்லை. காகிதத்தில் சரிபார்க்க வேண்டுமானால் புரோஃபார்மா இன்வாய்ஸில் சிசி என்ன என்று பாருங்கள்: 1462-ஆ, 1490-ஆ. வேரியன்ட் பெயரில் ஆல்ஃபா, ஸீட்டா, பிளஸ் என்று எது வந்தாலும் இந்த எண் ஏமாற்றாது.

டெஸ்ட் டிரைவில் திரை காட்டிய 26-ஐயும் நம்பக் கூடாது. டெமோ காரின் பேட்டரியை முன்பே ஓட்டி நிரப்பி வைத்திருப்பார்கள். ஐந்து கிலோமீட்டர் சுற்றில் கணிசமான தூரம் அந்தச் சேமிப்பிலேயே ஓடிவிடும், பெட்ரோல் செலவு குறைவாகத் தெரியும். கிளம்பும்போதும் திரும்பும்போதும் பேட்டரிக் கட்டங்கள் ஒரே அளவில் இருந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. குறைந்தது 20 கிலோமீட்டர், ஏசி போட்டு, வீட்டிலிருந்து கிளம்பும் அதே நெரிசல் நேரத்தில் கேளுங்கள். மறுத்தால் வேறு டீலர்.

அறிவிக்கப்படும் மைலேஜ் சாலையில் எடுத்ததல்ல. ஆய்வகத்தில் உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி, ஏசி அணைத்து, 1180 விநாடிகளில் 11 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம் ஓட்டி அளப்பது. உச்ச வேகமே 90 கிலோமீட்டர்தான். நம் வெயிலில் ஏசி இல்லாமல் யார் ஓட்டுகிறார்கள்? போதாததற்கு இப்போது பம்பில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட எரிசக்தி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. மைல்ட் ஹைப்ரிட் ஆட்டோமேட்டிக் நகரத்தில் 11 முதல் 13, நிதானமான நெடுஞ்சாலையில் 17 முதல் 19 என்று எதிர்பார்ப்பது நியாயம். ஸ்ட்ராங் ஹைப்ரிட் நகரத்தில் 20-க்கு மேல் தரும். பைபாஸில் 110-இல் பறந்தால் அந்த மேன்மை சுருங்கிவிடும், காரணம் அங்கே பிரேக் பிடிப்பதும் குறைவு, பேட்டரி நிரம்புவதும் குறைவு.

அப்படியானால் எல்லோரும் ஸ்ட்ராங் ஹைப்ரிட்தான் வாங்க வேண்டுமா? இல்லை. வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையில் வித்தியாசம் 3 லட்சம், பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், நிஜ மைலேஜ் 13-க்கு எதிராக 22 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடினால் மிச்சமாவது 378 லிட்டர், அதாவது சுமார் 38,000 ரூபாய். கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்ப எட்டு ஆண்டு. 20,000 கிலோமீட்டர் ஓடினால் ஐந்து ஆண்டுக்குள் வந்துவிடும். மேலே சொன்ன குடும்பத்தின் ஓட்டத்துக்கு மேனுவல் மைல்டே போதுமாக இருந்திருக்கும். அவர்களுக்கு அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டவே இல்லை என்பதுதான் மோசம்.

மற்ற வண்டிகளைப் பற்றிச் சுருக்கமாக. டீசல் க்ரெட்டா மேனுவலுக்கு 21.8 அறிவித்திருக்கிறார்கள், நெடுஞ்சாலையில் நன்றாகவே தரும். ஆனால் பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று மூன்று நான்கு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு பிஎஸ்6 (இப்போதைய புகை மாசு விதி) டீசல் வேண்டாம். புகைக் குழாயில் இருக்கும் டிபிஎஃப் வடிகட்டியில் கரி சேரும், அதை எரித்துச் சுத்தம் செய்ய 60-க்கு மேல் வேகத்தில் 20 நிமிடமாவது விடாமல் ஓட வேண்டும். பாதியில் பாதியில் அணைத்தால் எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் ஏறும், விளக்கு எரியும், கடைசியில் சர்வீஸ் சென்டரில் பில் ஏறும். டர்போ பெட்ரோலுடன் வரும் ஏழு கியர் உலர் கிளட்ச் டிசிடி, டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர் பெட்டிகள் ஊர்ந்து நகரும் நெரிசலில் சூடாகும். ஹோண்டா எலிவேட் சிவிடி (படி இல்லாத ஆட்டோமேட்டிக்) 16.92 என்று அறிவித்திருக்கிறது, ஹைப்ரிட் சிக்கல் ஏதும் இல்லாத எளிய இன்ஜின்.

இனி பில். எக்ஸ்ஷோரூம் விலை 15 லட்சம் என்றால் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 18 விழுக்காடு, 2,70,000 ரூபாய். 20 லட்சத்தைத் தாண்டினால் 20 விழுக்காடு. விலை 19.95 லட்சத்தில் இருக்கும் வேரியன்ட்டிலிருந்து 20.05-க்கு ஏறினால் வரி மட்டும் ஏறத்தாழ 42,000 கூடும். சன்ரூஃபுக்காக மேல் வேரியன்ட் போகிறவர்கள் கவனிக்க. 10 லட்சத்துக்கு மேல் உள்ள வண்டிக்கு டிசிஎஸ் (விற்கும்போதே பிடிக்கும் வருமான வரி) 1 விழுக்காடு பிடிப்பார்கள். அது டீலருக்குப் போவதில்லை, பான் எண்ணைச் சரியாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

அந்தக் குடும்பத்தின் பில்லில் இவற்றுக்கு மேல் ஹேண்ட்லிங் சார்ஜ் 12,500, 'எசென்ஷியல் கிட்' 38,000, பெயின்ட் கோட்டிங் 18,000. ஹேண்ட்லிங் என்பது அரசுக் கட்டணம் இல்லை, அதை நீக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் உடனே நீக்குவார்கள். கிட் என்பது கால்மிதி, மட்ஃபிளாப், சீட் கவர், பாலிதீன் பையில் ஒரு பெர்ஃப்யூம். பில்லில் ஒவ்வொன்றுக்கும் தனி விலை போடச் சொன்னாலே பாதி சுருங்கிவிடும்.

இன்சூரன்ஸில்தான் பெரிய தொகை. டீலர் சொன்னது 79,000. அதே ஐடிவி (காப்பீட்டில் வண்டிக்குக் குறிக்கும் மதிப்பு), அதே ஆட்-ஆன்களுக்கு (கூடுதல் பாதுகாப்புகளுக்கு) வெளியே கிடைத்தது 54,000. அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான மூன்று ஆண்டுத் தேர்ட் பார்ட்டி பிரீமியம், 1000-க்கு மேல் 1500 சிசி வரை 10,640 ரூபாய், யாரிடம் எடுத்தாலும் ஒன்றே. விளையாட்டெல்லாம் நம் வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதியில். அந்த வரியையும் அதற்குக் கொடுத்த தள்ளுபடியையும் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். வெளியே வாங்கும்போது ஐடிவி எக்ஸ்ஷோரூம் விலையில் 95 விழுக்காடு இருக்கிறதா என்று பாருங்கள். சிலர் அதைக் குறைத்துத்தான் விலையைக் குறைக்கிறார்கள். "வெளியே எடுத்தால் கேஷ்லெஸ் கிடையாது" என்பார்கள். அந்தச் சர்வீஸ் சென்டர் காப்பீட்டு நிறுவனத்தின் கேஷ்லெஸ் பட்டியலில் இருந்தால் போதும், பாலிசியை எங்கே வாங்கினீர்கள் என்பது பொருட்டில்லை.

அந்த வண்டியில் இன்னொன்றும் வெளிவந்தது. 2025 அக்டோபரில் கொடுத்த வண்டி 2024-இல் செய்தது. சேசிஸ் எண்ணில் பெரும்பாலான நிறுவனங்களுக்கு 10-ஆவது எழுத்து ஆண்டைக் குறிக்கும்: P என்றால் 2023, R என்றால் 2024, S என்றால் 2025, T என்றால் 2026. மாதம் வேண்டுமானால் ஃபார்ம் 22-ஐ (தயாரிப்பாளர் தரும் தகுதிச் சான்று) கேளுங்கள். டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும், 3224 என்றால் 2024-இன் 32-ஆவது வாரம். பழைய ஸ்டாக் வாங்குவது தவறில்லை, தள்ளுபடி அதற்குத் தகுந்தபடி வர வேண்டும். விற்கும்போது சந்தை தயாரிப்பு ஆண்டைத்தான் பார்க்கும். மாதக்கணக்கில் யார்டில் நின்ற வண்டியில் 12 வோல்ட் பேட்டரி பலவீனம், டயரில் தட்டைப் பகுதி, பிரேக் டிஸ்கில் ஆழமான துரு, எலி கடித்த வயர் எல்லாம் வரும்.

ஆகவே ஆர்டிஓ பதிவுக்கு முன் யார்டில் போய்ப் பாருங்கள். பதிவு ஆனபின் கண்டுபிடித்தால் மாற்றித் தரமாட்டார்கள். பகல் வெளிச்சத்தில், கழுவித் துடைத்த வண்டியைப் பாருங்கள். ஓடோமீட்டர் 50 கிலோமீட்டருக்கு மேல் என்றால் காரணம் கேளுங்கள், டெமோவாக ஓடியிருக்கலாம். பெயின்ட் தடிமன் அளவி கிடைத்தால் கதவு, ஃபெண்டர், கூரை எல்லாவற்றிலும் வைத்துப் பாருங்கள். ஆலைப் பெயின்ட் வழக்கமாக 80 முதல் 150 மைக்ரான். ஒரே ஒரு பலகை மட்டும் 250 காட்டினால் அது மறுபடி அடித்தது. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அளவி அங்கே வேலை செய்யாது. கதவு, ஃபெண்டர் போல்ட்களின் தலையில் ஸ்பேனர் தழும்பு, கண்ணாடிகளில் ஒன்று மட்டும் வேறு தயாரிப்புக் குறியீடு, இவையும் அதையே சொல்லும். சேசிஸ் எண்ணை வாங்கி நிறுவனத்தின் கஸ்டமர் கேருக்கு அழைத்து, அந்த எண்ணில் ஏற்கெனவே சர்வீஸோ வாரண்டி தொடக்கமோ பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள்.

புக்கிங் படிவத்தில் வேரியன்ட் முழுப்பெயர், சிசி, கியர்பெட்டி வகை, தயாரிப்பு மாதம், டெலிவரி தேதி, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்று கையால் எழுத வைத்து முத்திரை வாங்குங்கள். பணம் டீலர் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும். சேல்ஸ்காரரின் சொந்த யுபிஐ எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் டீலருக்கும் நிறுவனத்துக்கும் மின்னஞ்சலில் புகார் அனுப்புங்கள், தொலைபேசிப் பேச்சு எங்கும் நிற்காது. அந்தக் குடும்பத்துக்கு ஹேண்ட்லிங் தொகையும் கிட்டில் பாதியும் இப்படித்தான் திரும்பியது. வண்டி மாறவில்லை. அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வழக்குப் போடலாம். கொடுத்த விலை 10 முதல் 20 லட்சம் என்றால் கட்டணம் 400 ரூபாய், 20 முதல் 50 லட்சத்துக்கு 1,000. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். சேல்ஸ்காரர் வாட்ஸ்அப்பில் "28 கொடுக்கும்" என்று எழுதியிருந்தால் அதுதான் உங்கள் பலமான சாட்சி. ஸ்கிரீன்ஷாட் மட்டும் வைக்காமல் அந்தப் போனையே பத்திரப்படுத்துங்கள். மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும், அதைப் புகாருடன் சேர்த்தே தாக்கல் செய்துவிடுங்கள்.