பில்ட்ரூட்டா, யோக்டோவா: கழிவுநீர் மீட்டருக்கு எது?

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரில் பி.எச்., ஓட்ட அளவு பார்க்கும் கருவி செய்பவர்களுக்கு வரும் முதல் குழப்பம், சொந்த லினக்ஸ் இமேஜை (கருவியில் ஏற்றும் முழு இயங்குதள ஃபைல்) எதில் கட்டுவது என்பதுதான். பில்ட்ரூட், யோக்டோ இரண்டும் அப்படி இமேஜ் கட்டித் தரும் மென்பொருள்கள்.

வட்டு இடம்
பில்ட்ரூட்: சாதாரண லேப்டாப்பே போதும்.
யோக்டோ: 100 ஜிபிக்கு மேல் காலியாக வையுங்கள்.

கற்பது
பில்ட்ரூட்: மேக் மெனுகான்ஃபிக் கட்டளையில் வரும் மெனுவில் வேண்டியதைத் தேர்ந்து, பிறகு மேக் கட்டளை. அவ்வளவுதான்.
யோக்டோ: ரெசிபி (ஒரு பேக்கேஜைக் கட்டும் குறிப்பு), லேயர் (ரெசிபிகளின் தொகுப்பு), பிட்பேக் (அவற்றை ஓட்டும் நிரல்) பிடிபட வாரக்கணக்கு ஆகும்.

மாற்றம் செய்வது (தலைவலி இங்கேதான்)
பில்ட்ரூட்: மெனுவில் ஒரு பேக்கேஜை எடுத்துவிட்டாலும் அதன் ஃபைல்கள் இமேஜில் அப்படியே இருக்கும். டூல்செயினை (கம்பைலரும் அதன் துணை நிரல்களும்) மாற்றினால், கட்டியதை அழிக்கும் மேக் கிளீன் கட்டளை போட்டு முழுவதும் மறுபடி கட்ட வேண்டும். பாத் மாறியில் (நிரல்களைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) இடைவெளி இருந்தால் தொடங்கவே தொடங்காது; விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டுபவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.
யோக்டோ: மாறியதை மட்டும் கட்டி, மீதியை கேஷிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆனால் முதல் பில்ட் மணிக்கணக்கில் ஓடும். ராம் போதாமல் கம்பைலர் பாதியில் நின்றால், இணையாக ஓடும் வேலைகளை 2 ஆகக் குறையுங்கள்.

எதில் கட்டினாலும் ரூட் ஃபைல் சிஸ்டத்தை (இயங்குதள ஃபைல்கள் இருக்கும் பகுதி) ரீட்-ஒன்லியாக, அதாவது படிக்க மட்டும் முடிவதாக வையுங்கள்; அளவீடுகளுக்குத் தனி பார்ட்டிஷன். எழுதும்போது கரண்ட் போனால் எஸ்டி கார்டு கெட்டுவிடலாம்.

ஒரே போர்டு, சின்ன குழு என்றால் பில்ட்ரூட்தான் என் தேர்வு. பல மாடல்களை ஆண்டுக்கணக்கில் பராமரிக்க வேண்டுமென்றால் யோக்டோ; அதன் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புக்கு 4 ஆண்டு ஆதரவு உண்டு. சென்சாரைப் படித்து அனுப்பினால் மட்டும் போதுமா? லினக்ஸே வேண்டாம், மைக்ரோகன்ட்ரோலரில் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற சின்ன இயங்குதளத்தைப் போடுங்கள்.