செப்சிஸ் நோயாளிக்கு வைட்டமின் ட்ரிப்ஸ் என்று கையெழுத்துக் கேட்டால், முதலில் இதைப் படியுங்கள்

உங்கள் வீட்டில் ஒருவர் செப்சிஸோடு, அதாவது தொற்று கடுமையாகி உடம்பின் உறுப்புகளையே பாதிக்கும் நிலையில், ஐ.சி.யூ.வில் இருக்கும்போது, "அமெரிக்காவில் வந்திருக்கிற வைட்டமின் சிகிச்சை, ஏற்றினால் பிழைக்க வாய்ப்பு அதிகம்" என்று யாராவது வந்து சொன்னால், அந்த இடத்தில் நின்று நிதானமாகக் கேள்வி கேளுங்கள். எங்கள் சித்தப்பாவுக்கு அப்படிச் சொல்லித்தான் ஏற்றினார்கள். பணம் போனது ஒரு பக்கம். அந்த மருந்து உடம்பில் இருந்ததால் அவருடைய சர்க்கரை அளவு தப்பாகத் தெரிந்து, உயிரே போகிற நிலைக்குக் கொண்டுபோய்விட்டது. புகார் நடந்துகொண்டிருப்பதால் மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. எப்படி நடந்தது என்பதை மட்டும் முழுசாகச் சொல்கிறேன்.

சித்தப்பாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. வயலில் கருவேல முள் குத்தியது அவருக்கே தெரியவில்லை. பாதம் வீங்கிச் சீழ் வைத்த பிறகுதான் சித்தி பார்த்திருக்கிறார். அடுத்த நாளே குளிர்காய்ச்சல், பேச்சில் உளறல். பக்கத்து டவுனில் உள்ள தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அவசரப் பிரிவில் இருந்த டியூட்டி டாக்டர் செய்ததில் ஒரு குறையும் இல்லை. அதை மறைத்து எழுதுவது நியாயம் இல்லை. எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினார், உடனே ஆன்டிபயாடிக் போட்டார், வேகமாகச் சலைன் ஏற்றினார், பி.பி. ஏறவில்லை என்றதும் நார்அட்ரினலின் தொடங்கினார். காலைத் திறந்து சீழை வெளியேற்ற வேண்டும், காலையில் சர்ஜன் பார்ப்பார் என்றும் எங்களிடம் சொன்னார்.

காலையில் சர்ஜன் வருவதற்கு முன்னால் கவுன்சலர் என்று ஒருவர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு ஃபைல். சித்தியைத் தனியாக உட்காரவைத்து, "அம்மா, இதுக்குன்னு ஸ்பெஷல் மருந்து இருக்கு. ஏத்தாத நூறு பேர்ல நாற்பது பேர் போயிடறாங்க, ஏத்தினா எட்டு பேர்தான். ஐயாவுக்கு வேண்டாம்னு நீங்க சொன்னா, அதையும் எழுதிக் கொடுத்துடுங்க" என்றார். கணவர் உள்ளே கண் மூடிக் கிடக்கும்போது எந்தப் பெண் வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பார்? சித்தி கையெழுத்துப் போட்டுவிட்டார். "இந்த மருந்து எப்படி வேலை செய்யுதுன்னு பாத்துட்டு, அப்புறம் கால் ஆபரேஷனை முடிவு பண்ணலாம்" என்று அறுவை சிகிச்சையையும் தள்ளிவைத்தார்கள். எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் இந்த இரண்டாவது விஷயத்தில்தான்.

கவுன்சலர் சொன்ன எண்கள் பொய் இல்லை. எங்கிருந்து வந்தவை என்பதை நான் பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நார்ஃபோக் நகரில் பால் மாரிக் என்ற தீவிர சிகிச்சை மருத்துவர், கடுமையான செப்சிஸ் நோயாளிகளுக்கு வைட்டமின் சி, தயமின் (வைட்டமின் பி1), ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு மூன்றையும் சேர்த்து ரத்தக் குழாய் வழியாகக் கொடுத்தார். வைட்டமின் சி 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை 1.5 கிராம், அதாவது ஒரு நாளைக்கு 6 கிராம். சாப்பாட்டில் நமக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 100 மில்லிகிராமுக்கும் குறைவு என்பதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய அளவு என்று புரியும். 2017-இல் 'செஸ்ட்' மருத்துவ இதழில் வந்த அவருடைய கட்டுரையில், சிகிச்சை பெற்ற 47 பேரில் 4 பேர் இறந்தார்கள், அதற்கு முந்தைய மாதங்களில் அது இல்லாமல் சிகிச்சை பெற்ற 47 பேரில் 19 பேர் இறந்தார்கள் என்று இருந்தது. 8.5 சதவீதம், 40.4 சதவீதம். உலகம் முழுக்கச் செய்தியானது. செப்சிஸ் வந்தவர்களின் ரத்தத்தில் வைட்டமின் சி குறைந்துபோவதும் உண்மை என்பதால், மருத்துவர்கள் நம்பிக்கை வைத்ததில் தப்பில்லை.

ஆனால் அது ஒரே மருத்துவமனையில், முன்னால் வந்தவர்களையும் பின்னால் வந்தவர்களையும் ஒப்பிட்ட சின்ன ஆய்வு. யாருக்கு அந்த மருந்து, யாருக்கு அது இல்லை என்று குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்த ஆய்வுகள் பின்னால்தான் வந்தன. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரேசில் நாடுகளில் 216 பேரிடம் அதே மூன்று மருந்துக் கூட்டைச் சோதித்து 2020 ஜனவரியில் வெளியிட்டார்கள். ஹைட்ரோகார்டிசோன் மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் சீக்கிரம் தேறவில்லை. 2021-இல் அமெரிக்காவில் 501 பேரிடம் நடந்த ஆய்விலும் பலன் தெரியவில்லை. அந்த வருஷமே செப்சிஸ் சிகிச்சைக்கான சர்வதேச வழிகாட்டுதல், ரத்தக் குழாய் வழி வைட்டமின் சி-யைக் கொடுக்காமல் இருப்பதே மேல் என்று பரிந்துரைத்தது. 2022-இல் 'லோவிட்' என்ற ஆய்வு வந்தது. கனடா, பிரான்ஸ், நியூசிலாந்தில் 872 பேர். உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம் 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுத்தார்கள். 28-ஆம் நாளில் இறந்தவர்களும் உறுப்புகள் தேறாமலே இருந்தவர்களும் சேர்த்து, வைட்டமின் பெற்றவர்களில் 44.5 சதவீதம், பெறாதவர்களில் 38.5 சதவீதம். பலன் இல்லை என்பதோடு நிற்காமல், கெடுதல் பக்கம் சாய்ந்த முடிவு இது.

இடையில் 2019-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், வைட்டமின் சி பெற்றவர்களிடம் மரணம் குறைவாக இருந்ததையும் சிலர் காட்டுவார்கள். 167 பேர் மட்டுமே இருந்த ஆய்வு அது. முதன்மையாக அளந்த மூன்றிலும் வித்தியாசம் வரவில்லை. இதையெல்லாம் கவுன்சலர் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஐ.சி.யூ. நடத்தும் மருத்துவர்கள் படிக்காமல் இருக்க முடியாது. 2017-இல் நின்றுபோன ஒரு தாளை இன்றைக்கும் ஃபைலில் வைத்துக் காட்டுகிறார்கள் என்றால், அது விற்பனைக்காக வைத்திருக்கும் தாள்.

இனி சர்க்கரை விஷயம். வீட்டில் சர்க்கரை நோயாளி இருப்பவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

விரல் நுனியில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப்பில் நடக்கும் ஒரு வேதிவினையில் உண்டாகும் மின்னோட்டத்தை அளந்துதான் எண்ணைக் காட்டுகிறது. ரத்தத்தில் வைட்டமின் சி மிக அதிகமாக இருந்தால் அதுவும் அந்த ஸ்ட்ரிப்பில் வினை புரியும். பல வகை மீட்டர்கள் அதையும் சர்க்கரை என்றே கணக்கில் சேர்த்துவிடும். உண்மையில் இருப்பதைவிட எண் கூடுதலாகத் தெரியும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவருக்கு வைட்டமின் உடம்பை விட்டுப் போக நேரமாகும் என்பதால் மருந்தை நிறுத்திய பிறகும் இந்தத் தப்பு தொடரலாம். மருத்துவ இதழ்களில் முன்பே பதிவான ஆபத்து இது.

சித்தப்பாவுக்கு மீட்டரில் 300-க்கு மேல் காட்டிக்கொண்டே இருந்தது. ஸ்டீராய்டு போகிறது, தொற்று இருக்கிறது, சர்க்கரை ஏறத்தான் செய்யும் என்று இன்சுலினைக் கூட்டினார்கள். அன்று இரவு அவருக்குச் சட்டை நனைகிற மாதிரி வியர்த்தது, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. மீட்டரோ 320 என்கிறது. ராத்திரி டூட்டியில் இருந்த ஒரு நர்ஸ் தங்கைக்கு இது பொருந்தவில்லை. ரத்தக் குழாயிலிருந்து ரத்தம் எடுத்து லேபுக்கு ஓடினார். லேபில் 38, சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. உடனே டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலை ஏற்றியதால் சித்தப்பா பிழைத்தார். அந்தப் பெண்ணுக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். இன்னும் கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால் மூளை பாதித்திருக்கும் என்று பிறகு வேறொரு மருத்துவர் சொன்னார்.

விடிந்ததும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றினோம். "போற வழியில ஏதாவது ஆனா நாங்க பொறுப்பில்லை" என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். அங்கே அறுவை சிகிச்சைப் பேராசிரியர் காலைப் பார்த்துவிட்டு, "சீழை எடுக்காம உள்ள எதை ஏத்தினாலும் என்ன பிரயோஜனம்?" என்று கேட்டார். அன்றைக்கே திறந்து சுத்தம் செய்தார்கள். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. முன்பே செய்திருந்தால் விரல்கள் தப்பியிருக்குமா என்று கேட்டேன், அவர் உறுதியாகச் சொல்லவில்லை, நானும் அதை உறுதி என்று எழுதமாட்டேன். கல்ச்சர் ரிப்போர்ட் பார்த்து ஆன்டிபயாடிக்கை மாற்றினார்கள். வைட்டமின் சி என்ற பேச்சே அங்கு இல்லை. மெல்ல எழுந்து உட்கார்ந்தார், இப்போது நடக்கிறார்.

தனியார் மருத்துவமனை பில்லில் அந்த மருந்தின் பெயரே கிடையாது. "மெட்டபாலிக் சப்போர்ட் பேக்கேஜ்" என்று ஒரு நாளைக்கு இவ்வளவு என்று போட்டிருந்தார்கள். அதில் எத்தனை ஆம்பூல், என்ன கம்பெனி, எம்.ஆர்.பி. எவ்வளவு, எதுவும் இல்லை. காப்பீட்டு நிறுவனம் அந்த வரியை அப்படியே கழித்துவிட்டது. மருந்துப் பெயர் இல்லாத வரி பில்லில் இருந்தால் பணம் கட்டும் முன்பே பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பார்மசி பில் தனியாக வேண்டும், பேட்ச் எண்ணோடு வேண்டும்.

இதை வைத்து எல்லா வைட்டமின் ஊசியையும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். நீண்ட காலம் குடித்தவர்களுக்கும், சாப்பாடு இல்லாமல் உடல் நலிந்தவர்களுக்கும் தயமின் ஊசி மூளையைக் காப்பாற்றுகிற மருந்து. செப்சிஸில் பி.பி. இறங்கி மருந்துக்கும் ஏறாதபோது ஹைட்ரோகார்டிசோன் கொடுப்பதும் வழக்கமான சிகிச்சையே. நான் சொல்வது, செப்சிஸுக்கென்று பெரிய அளவில் ஏற்றும் வைட்டமின் சி பற்றி மட்டும். அதில் ஒரு பகுதி உடம்பில் ஆக்சலேட் என்ற உப்பாக மாறிச் சிறுநீரகத்தில் படியக்கூடும், ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். சித்தப்பாவுக்கு இதற்கான சோதனை எதுவும் செய்யாமல்தான் தொடங்கியிருந்தார்கள். யாராவது உங்களிடம் இதைப் பேசினால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு, சர்க்கரையை லேபில் பார்ப்பீர்களா மீட்டரிலா, முதல் ஆன்டிபயாடிக் எத்தனை மணிக்குப் போட்டீர்கள், தொற்று இருக்கும் இடத்தை எப்போது சுத்தம் செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள். கவுன்சலரிடம் கேட்காதீர்கள், மருத்துவரிடமே கேளுங்கள். வைட்டமினுக்காக அறுவை சிகிச்சையைத் தள்ளிவைக்கிறோம் என்றால், அன்றே இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளிகள் உரிமை சாசனத்தில் அதுவும் இருக்கிறது, மருந்தை வெளியில் வாங்கிக்கொள்ளும் உரிமையும் இருக்கிறது.

மாற்றிய பிறகு நாங்கள் முதலில் செய்த காரியம், கேஸ் ஷீட் முழுவதன் நகலையும் எழுத்தில் கேட்டதுதான். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியோடு திருப்பி அனுப்பப் பார்த்தார்கள், நாங்கள் விடவில்லை. நர்ஸிங் சார்ட், மருந்து கொடுத்த நேரங்கள், லேப் ரிப்போர்ட் எல்லாம் அதில்தான் வரும். மாவட்ட சுகாதாரப் பணிகள் இணை இயக்குநரிடமும் மருத்துவக் கவுன்சிலிடமும் புகார் கொடுத்தோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குத் தொடுத்திருக்கிறோம். காசு வாங்கிச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது, சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும்.

மருத்துவமனையின் பதில் வந்துவிட்டது. "துணை சிகிச்சைதான், நோயாளி தரப்பு சம்மதத்தோடு கொடுத்தோம்" என்கிறார்கள். நாங்கள் தாக்கல் செய்த நகலில் வைட்டமின் ஏறிய நேரம், மீட்டர் காட்டிய எண், லேப் கொடுத்த 38, மூன்றும் ஒரே இரவின் பக்கங்களில் இருக்கின்றன. சம்மதப் படிவத்தில் குளுக்கோமீட்டரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதையும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். தீர்ப்பு வந்ததும் இதே பதிவில் சேர்க்கிறேன்.