“ஐ7ங்ணா, 4 ஜிபி கார்டுங்ணா”: கேமிங் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு

கோயம்புத்தூரில் முப்பத்தைந்து, நாற்பதாயிரம் ரூபாய்க்கு “ஐ7 கேமிங் பிசி, ஃபுல் செட்” என்று ரீல்ஸ் போட்டு விற்கும் கடைகளுக்குப் போகிறவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் அக்கா வீட்டில் 38,000 ரூபாய் போயிருக்கிறது. கடையின் பெயரைப் போடவில்லை. வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது, அது ஒரு முடிவுக்கு வரட்டும். இந்த ஒரு கடை மட்டும் இப்படிச் செய்யவில்லை என்பதும் விசாரித்தபோது தெரிந்தது.

அக்கா வீடு கவுந்தப்பாடிப் பக்கம். மச்சான் கரும்பு போட்டு, நாட்டுச் சர்க்கரை காய்ச்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுபோகிறவர். பையன் பெருந்துறையில் இன்ஜினியரிங் படிக்கிறான். படிப்புக்கும் ஆச்சு, வலோரன்ட், ஜிடிஏ விளையாடவும் ஆச்சு என்று கம்ப்யூட்டர் கேட்டான். என்னிடம் முதலிலேயே வந்தான். “மாமா, கையில 38 இருக்கு. இப்பவே வாங்கறதா, இல்ல தீபாவளி வரைக்கும் சேத்து நல்லதா வாங்கறதா?”

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேட்டர்ன் போடும் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்கக் கம்ப்யூட்டரோடுதான் பிழைப்பு. அவனுக்குச் சொன்னது இதுதான்: இந்தப் பணத்தில் எல்லாவற்றையும் நிரப்பப் பார்க்காதே. கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிற ப்ராசஸர், நல்ல மதர்போர்டு, நல்ல எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்குக் கரன்ட் கொடுக்கும் பெட்டி), ஒரு மானிட்டர். கேம் படத்தை வரைகிற கிராபிக்ஸ் கார்டு போடும் இடத்தைக் காலியாக விடு. வலோரன்ட் அதிலேயே ஓடும். கார்டு அடுத்த வருஷம்.

கடையில் அவர்கள் சொன்னது வேறு. “எதுக்குங்ணா காலியா உடோணும்? 38க்கு எல்லாமே வந்துருமுங்ணா. ஐ7, 16 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி, 4 ஜிபி கார்டு, ஆர்ஜிபி கேபினெட், மானிட்டரோட. நாளைக்கு வந்தீங்கன்னா ரேம் வெலை ஏறிப்போயிருமுங்ணா.”

ரேம் விலை ஏறுவது உண்மைதான். ஏஐ டேட்டா சென்டர்களுக்கே சரக்கு போய்விடுவதால் 2025 கடைசியிலிருந்து விலை தாறுமாறாகப் போகிறது. மைக்ரான் கம்பெனி, நம் கடைகளில் கிடைத்துக்கொண்டிருந்த தன் க்ரூஷியல் ரேம் வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. ஆக, அவசரப்படுத்த அவர்களுக்கு ஒரு நிஜமான காரணம் கையில் இருந்தது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் அவர்கள் போட்டிருந்ததோ 2007இல் வந்த டிடிஆர்3 வகை ரேம்.

எனக்கு ஷிப்மென்ட் நேரம். அப்பாவும் மகனும்தான் போனார்கள். கேபினெட்டில் ஏழு கலரில் லைட் எரிந்தது, ஸ்க்ரீனில் “ஐ7” என்று காட்டினார்கள், கார்டின் பெயர் “ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி” என்று வந்தது. பணத்தை ஜிபேயில் அனுப்பிவிட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

வீட்டில் வலோரன்ட் திறக்கவே இல்லை. வேன் 9001 என்று ஒரு பிழை. ஜிடிஏ திறந்தது, கொஞ்ச நேரத்தில் மொத்தக் கம்ப்யூட்டரும் பட்டென்று அணைந்தது. கரன்ட் போய்விட்டது என்று நினைத்து அக்கா ஃபேனைப் போட்டுப் பார்த்தாளாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றினேன்.

ஐ7 என்னவோ ஐ7தான். ஐ7-3770. இன்டெல் 2012இல் விட்ட மூன்றாம் தலைமுறை. இப்போதைய கணக்கில் அடிமட்டத்தில் இருக்கிற ஐ3-12100 கூட இதைச் சுலபமாக முந்திவிடும். “ஐ7” என்பது இன்டெல் ப்ராசஸர்களில் ஒரு வரிசையின் பெயர், அவ்வளவுதான். அதற்குப் பின்னால் வரும் எண்ணில்தான் வயது இருக்கிறது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏறும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். இந்தப் பழைய போர்டில் அது கிடையாது. சோதனையைத் தாண்டவைத்துக் கடைக்காரர்கள் 11ஐ ஏற்றியிருக்கிறார்கள். விண்டோஸ் 11இல் வலோரன்ட் அந்த டிபிஎம்மையும், செக்யூர் பூட் என்ற இன்னொரு பாதுகாப்பு வசதியையும் கேட்கிறது. இல்லையென்றால் அதே 9001. ஃபோன் பண்ணிக் கேட்டதற்கு, “விண்டோஸ் 10 மாத்திக் குடுத்தர்றோமுங்ணா” என்றார்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பையன் படிப்பை முடிக்கும்வரை அதை வைத்து என்ன செய்வது?

அடுத்தது கார்டு. மானிட்டருக்கு நீலக்கலர் விஜிஏ கேபிள் போட்டிருந்தார்கள், அது நேராகக் கார்டுக்குள்ளேயே போயிருந்தது. அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது. 1050 டிஐ 2016இல் வந்த கார்டு. அந்தச் சிப்பில் விஜிஏவுக்குரிய அனலாக் வெளியீடே கிடையாது. ஜிபியு-இசட் என்று இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது, சின்ன ஃபைல். அதை ஓடவிட்டதும் கார்டின் பெயருக்கு முன்னாலேயே அடைப்புக்குறி போட்டு “ஃபேக்” என்று காட்டியது. போலிக் கார்டுகளை 2018லிருந்தே அது இப்படிக் காட்டிக்கொடுக்கிறது. உள்ளே இருந்தது ஜிஎஃப்116 என்ற சிப், 192 கோர் (கணக்குப் போடும் சின்னச் சின்ன யூனிட்). அசல் 1050 டிஐயில் 768 கோர் இருக்க வேண்டும். அதாவது 2011இல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ. கார்டுக்குள் அதன் பெயரையும் விவரத்தையும் வைத்திருக்கும் பயாஸை மாற்றி எழுதி, புது ஸ்டிக்கர் ஒட்டி, புது ஃபேன் மாட்டியிருக்கிறார்கள். விண்டோஸ் கார்டு சொல்வதை அப்படியே நம்பிக் காட்டும். ஆகவே கடையில் ஸ்க்ரீனைத் திருப்பிப் பெயரைக் காட்டுவதில் ஒன்றுமே இல்லை.

சரி, அசலே கொடுத்திருந்தாலும் 1050 டிஐ இப்போது வாங்குகிற பொருளா? அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு முடித்துக்கொண்டது.

எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது எஸ்எம்பிஎஸ்தான். வெளியே பெரிய எழுத்தில் 500 வாட்ஸ். கழற்றி வெளிச்சத்தில் காட்டினால், பக்கவாட்டில் பொடி எழுத்தில் ஒரு கட்டம். அதில் 12 வோல்ட்டுக்கு நேராக 14 ஆம்பியர். பெருக்கினால் 168 வாட். ப்ராசஸரும் கார்டும் இந்த 12 வோல்ட் லைனில்தான் ஓடுகின்றன. 550 டிஐக்கு 116 வாட், 3770க்கு 77 வாட், இரண்டும் சேர்ந்தாலே 193. கேம் போட்டதும் அணைந்ததில் அதிசயம் ஏது? அணைந்தது நல்லதாகப் போயிற்று. இப்படிப்பட்ட பெட்டிகள் புகைந்து, போர்டையும் சேர்த்துக் கொண்டுபோன கதைகள் ஏராளம். தூக்கிப் பார்த்தாலே தெரியும், உள்ளே ஒன்றும் இல்லாதது போல இருந்தது.

பில் என்று மச்சான் எடுத்துக்கொடுத்தது ஒரு எஸ்டிமேட் தாள். “சிபியு செட் – 1, மானிட்டர் – 1, மொத்தம் 38,000.” மாடல் எண் இல்லை, சீரியல் எண் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. ஜிஎஸ்டி பில் கேட்டால் 18 சதவீதம், அதாவது 6,840 ரூபாய் சேரும் என்று சொல்லியிருக்கிறார்கள். யாருக்குத்தான் மனசு வரும்? விவரம் தெரியாத ஆளில்லை அவர். சாக்கைப் பிரித்து, சர்க்கரையைக் கையில் அள்ளிப் பார்த்துத்தான் விலை சொல்லும் ஏலத்தில் வருஷக்கணக்காக நிற்கிறவர். பழனி தேவஸ்தானமே வந்து எடுக்கும் மார்க்கெட் அது. கம்ப்யூட்டரைப் பிரித்துப் பார்க்க ஆசைப்பட்டால், “சீல் ஒடஞ்சா வாரன்ட்டி போயிருமுங்ணா” என்று தடுத்துவிட்டார்கள்.

ஜிஎஸ்டியில் பதிவு செய்த கடை 200 ரூபாய்க்கு மேல் விற்றால் பில் போட்டே ஆக வேண்டும். தமிழ்நாட்டுக் கடை என்றால் பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கும், மொத்தம் 15 எழுத்து. பில்லில் சீரியல் எண் இருந்தால்தான் கம்பெனியின் வாரன்ட்டி. “கடை வாரன்ட்டி” என்பது கடைக்காரர் மனசு வைத்தால் உண்டு.

நேரில் போய்க் கேட்டேன். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை.

“ஐ7னு சொன்னோம், ஐ7தானுங்ணா குடுத்துருக்குறோம்?”

“கார்டு போலிங்க.”

“எங்களுக்கு டெல்லியில இருந்து வர்ற சரக்குங்ணா, நாங்க என்ன பண்றதுங்? டீ சாப்பிடறீங்களா?”

மரியாதையில் எள்ளளவும் குறைச்சல் இல்லை. நம் ஊர்ப் பேச்சு வழக்கே அப்படி. ஏமாற்றும்போதுகூட “ங்க” போட்டுத்தான் ஏமாற்றுவார்கள். எதிரில் நிற்கிறவனுக்குச் சத்தம் போடவே வாய் வராது.

அதற்கப்புறம் ஈரோட்டிலும் கோவையிலும் சில கடைகளில் புதிதாகக் கொட்டேஷன் வாங்கினோம். போலி என்றே சொல்ல முடியாத இன்னொரு வகை ஏமாற்று அப்போதுதான் தெரிந்தது. அரைப்பெயர் எழுதுவது. “ஆர்டிஎக்ஸ் 3050” என்று எழுதியிருந்தான் ஒருவன். எந்த 3050? 2022இல் வந்த 8 ஜிபியில் 2560 கோர். 2024இல் வந்த 6 ஜிபியில் 2304 கோர், மெமரி வழியும் குறுகல். இரண்டுக்கும் ஒரே பெயர். “ஆர்எக்ஸ் 580 8 ஜிபி” என்று இன்னொருவன். பெட்டியைத் திருப்பினால் 2048எஸ்பி. அதாவது 2048 கோர், அசல் 580இல் 2304 இருக்க வேண்டும். இது பெயரை மாற்றிக்கொண்ட 570. இவற்றிலெல்லாம் மோசமானது ஜிடி 1030. ஜிடிடிஆர்5 மெமரி உள்ளதில் நொடிக்கு 48 ஜிபி போகும், 2018இல் வந்த டிடிஆர்4 வகையில் 16.8தான். வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. “2 ஜிபி கார்டு, 4 ஜிபி கார்டு” என்று காய்கறி எடை போல விற்பதெல்லாம் இதை மறைக்கத்தான். ஜிபி எத்தனை என்பதை வைத்துக் கார்டின் வேகத்தைச் சொல்லவே முடியாது.

ஈரோட்டில் ஒரு கடைக்காரர் மட்டும் பையனிடம், “தம்பி, இந்தப் பணத்துக்கு இப்ப கார்டு வாங்காதீங்க” என்று சொல்லி, கொட்டேஷனில் அந்த வரியையே கோடு போட்டு விட்டார். கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிற ரைசன் 5 5600ஜி ப்ராசஸர், 8 ஜிபி ரேம் இரண்டு, கம்பெனி பெயருள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ். ஒரே 16க்குப் பதில் ஏன் இரண்டு 8 என்றால், உள்ளிருக்கும் கிராபிக்ஸ் ரேமையேதான் தன் மெமரியாகப் பயன்படுத்துகிறது. இரண்டு ரேம் ஜோடியாக ஓடினால் கேம் வேகம் நன்றாகவே கூடும். அவர் இன்னொன்றும் சொன்னார்: கார்டு அப்புறம் வாங்குகிறவர்கள் இன்டெல்லில் எஃப் என்று முடியும் ப்ராசஸரை எடுக்கக் கூடாது. 12100எஃப்-இல் உள் கிராபிக்ஸ் இல்லை, கார்டு போடாமல் ஸ்க்ரீனே வராது. விலை கொஞ்சம் குறைவென்று பல கடைகளில் அதைத்தான் தள்ளிவிடுகிறார்கள்.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் எண்ணையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் கிளம்பிவிடலாம். அசெம்பிள் செய்வதை எதிரில் உட்கார்ந்து பாருங்கள், காலிப் பெட்டிகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். ஜிபியு-இசட், ப்ராசஸர் விவரம் காட்டும் சிபியு-இசட் இரண்டையும் பென்டிரைவில் எடுத்துப் போய் அங்கேயே ஓடவிடுங்கள். நல்ல கடைக்காரர் யாரும் இதற்கு முகம் சுளிக்கவில்லை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: நுகர்வோர் உதவி எண் 1915. புகார் எண் தந்து கடையோடு பேசுவார்கள், ஆனால் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கோயம்புத்தூர்க் கடை மேல் ஈரோட்டில் போடலாம், அலைச்சல் அவர்களுக்குத்தான். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், ஆன்லைனிலும் செய்யலாம். பில் இல்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள். எங்களிடம் இருப்பது ஜிபே ரசீது, ரீல்ஸின் ஸ்க்ரீன்ஷாட், அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ், போலிக் கார்டு. இவற்றை வைத்துத்தான் நோட்டீஸ் போனது. கார்டை மட்டும் “செக் பண்ணித் தர்றோம்” என்று கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

நோட்டீஸில், பில் போடாமல் விற்றதை வக்கீல் ஒரு பத்தியாக எழுதியிருந்தார். போலிக் கார்டுக்கு அசையாதவர்கள் அதற்கு அசைந்தார்கள். மானிட்டரை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்தால் 26,000 தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இதைப் பற்றி எங்கேயும் எழுதக் கூடாது என்ற நிபந்தனையோடு. வாங்கிக்கொண்டு வேலையைப் பார்க்கலாம் என்கிறார் மச்சான். பையனுக்கு ஆணையத்துக்குப் போக ஆசை. இன்னும் யாரும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை, அதனால்தான் இப்போதே எழுதிவிட்டேன்.