கவிதா பாணியில் தினசரிச் சேலை: ஆறு மாதம் கட்டிப் பார்த்த பிறகு எழுதுகிறேன்

அலுவலகத்துக்குக் கட்ட நாலு பருத்திச் சேலை வேண்டும் என்று ஆரம்பித்த வேலை இது. மனதில் மாதிரியாக இருந்தது 'அவள் ஒரு தொடர்கதை' கவிதா. 1974-ல் வந்த பாலசந்தர் படம், கவிதாவாக நடித்த சுஜாதாவுக்குத் தமிழில் முதல் படம். அப்பா விட்டுப்போன குடும்பத்தை ஒரே சம்பளத்தில் தாங்குகிற பெண்ணாக வருவார். சின்ன வயதில் பார்த்தபோது கதை மட்டும்தான் தெரிந்தது. போன வருடம் அம்மாவோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன், அந்த நிமிர்ந்த நிற்பும் அதோடு சேர்ந்த சேலைக்கட்டும் மனதை விட்டுப் போகவே இல்லை. விசேஷத்துக்கு என்று பீரோவில் பூட்டி வைக்காமல், திங்கள் முதல் வெள்ளி வரை எனக்கும் அப்படிக் கட்டிக்கொண்டு போக வேண்டும் என்று தோன்றியது.

படம் கறுப்பு வெள்ளை. நிறத்தைப் பார்த்து அதே மாதிரி எடுக்க வழி இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் அதுவே நல்லதாகப் போயிற்று. நிறத்தை விட்டுவிட்டு, கட்டமா கோடா புள்ளியா, கரை உடலிலிருந்து எவ்வளவு எடுத்துக் காட்டுகிறது என்பதை மட்டும் பார்க்க ஆரம்பித்தேன். கடையில் சேலையைப் பிரித்துப் போட்டதும் போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுப்பேன். செங்கல் சிவப்பு உடலும் இலைப்பச்சைக் கரையும் நேரில் பளிச்சென்று இருக்கும், போட்டோவில் பார்த்தால் இரண்டும் ஒரே சாம்பல். கறுப்பு உடலில் கடுகு மஞ்சள் கரை என்றால் போட்டோவிலும் கணீரென்று நிற்கும். ஆசைப்பட்டு எடுத்த நாலைந்து சேலைகளை இந்த ஒரு சோதனைக்குப் பிறகு திருப்பி வைத்துவிட்டேன்.

வாங்கியது எழும்பூர் பாந்தியன் சாலை கோ-ஆப்டெக்ஸில். 1935-ல் ஆரம்பித்த நெசவாளர் கூட்டுறவு நிறுவனம், பல ஊர் நெசவும் ஒரே கூரைக்குக் கீழே கிடைக்கும். தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடி வரும்வரை பொறுத்திருந்து போனேன். அதற்கு முன்னால் இணையத்தில் ஒரு கடையில் கைத்தறிக் கண்டாங்கிச் சேலை என்று நம்பி ஒன்று வாங்கியிருந்தேன், வந்தது விசைத்தறி. தறியில் துணி சுருங்காமல் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்க ஒரு குச்சி வைப்பார்கள், அதன் ஊசி முனைகள் குத்தின பொடித் துளைகள் கைத்தறிச் சேலையின் ஓரம் முழுக்கத் தெரியும். அந்தச் சேலையில் ஒன்றுகூட இல்லை. இப்போதெல்லாம் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது அந்த ஓரத்தைத்தான்.

நாலில் எனக்கு ரொம்பப் பிடித்தது காரைக்குடிக் கண்டாங்கி. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின சேலை. பெரிய கட்டம், அகலக் கரை, நல்ல கனம். முதல் இரண்டு முறை மடிப்பு விறைப்பாக நின்று இடுப்பில் கொஞ்சம் உப்பலாகத் தெரிந்தது, மூன்றாவது துவைப்புக்குப் பிறகு துணி இளகி உடம்போடு உட்கார ஆரம்பித்தது. காலையில் எட்டு மணிக்குக் கட்டினால் சாயங்காலம் மின்சார ரயிலில் நசுங்கி வீடு வந்து சேரும்வரை கொசுவம் கலைவதில்லை, நடுவில் ஒருமுறை கண்ணாடி பார்த்துச் சரிசெய்ய வேண்டிய தேவைகூட வரவில்லை. வேலைக்குப் போகிற பெண்ணின் சேலை என்றால் எனக்கு இதுதான். கறுப்பில் ஒன்று, அரக்கில் ஒன்று என்று இரண்டு எடுத்தேன். குறை என்றால் காய்வதற்கு நேரமாகும், மழைக்காலத்தில் ஒன்றரை நாள்.

மதுரைச் சுங்குடி ஒன்று. லேசு, மே மாத வெயிலுக்கு இதைவிட நல்ல துணி கிடையாது. நூலால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றினதா, அச்சடித்த புள்ளியா என்று கேட்டு வாங்குங்கள், இன்று கிடைப்பதில் பெரும்பாலும் அச்சுதான். கையால் முடிச்சிட்ட புள்ளி எல்லாம் ஒரே அளவில் இருக்காது, விரலுக்குக் கொஞ்சம் மேடாகத் தட்டுப்படும். நான் எடுத்தது முடிச்சுச் சுங்குடி. விலை கூடத்தான், கொடுத்ததில் வருத்தமே இல்லை.

நாலாவது கோவைக் கோரா காட்டன். பட்டு நூல் கலந்தது, அழகு, ஆனால் அந்த லேசான மினுமினுப்பு நான் தேடின பாணிக்கு ஒத்து வரவில்லை. மீட்டிங் இருக்கிற நாளில் மட்டும் கட்டுகிறேன்.

இனி ரவிக்கை. பாதிப் பாணி அதில்தான் இருக்கிறது, பணம் வீணாவதும் அதில்தான். சேலையோடு வருகிற ஜாக்கெட் பிட்டைத் தைத்துப் போட்டால் இந்தக் காலத்து செட் மாதிரி ஆகிவிடுகிறது. அம்மாதான் சொன்னார், "கரை நிறத்துல டூ பை டூ எடுத்துத் தைச்சுக்கோடி, நாங்கல்லாம் அப்படித்தான் போட்டோம்" என்று. டூ பை டூ என்பது தனியாக விற்கிற ஒரே நிற ரவிக்கைத் துணி. அது சரியாக இருந்தது. உருப்படியில்லாத ஒரு தையல்காரரிடம் முதல் இரண்டைக் கொடுத்து, கழுத்து ஏறி இருக்க வேண்டும், முதுகு இறங்கக் கூடாது, கப் வேண்டாம் என்று எழுதியே கொடுத்தும் முதுகில் ஜன்னல் வெட்டி நாடா கட்டித் தந்துவிட்டார். துணி போனது போனதுதான். அப்புறம் அம்மாவின் பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்குக் கொடுத்து இன்னொருவரிடம் தைத்தேன், அச்சு அசலாக வந்தது. வாயால் சொல்வதை விட அளவு ரவிக்கை கொடுப்பது நூறு மடங்கு மேல்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. முதல் துவைப்பு கல்லுப்பு போட்ட பச்சைத் தண்ணீரில், தனியாக. கண்டாங்கிக்குக் கஞ்சி தேவையில்லை, சுங்குடிக்கு வடிகஞ்சியைத் தண்ணியாகக் கரைத்து ஒரு முக்கு. நிழலில் காய வைத்தால் போதும்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் நாலும் ஒன்றாக எடுக்க வேண்டாம். முதலில் ஒரு கண்டாங்கி எடுங்கள், டூ பை டூ துணியையும் அன்றே வாங்கிவிடுங்கள், சேலை கையில் இருக்கும்போதுதான் கரைக்கு நிறம் சரியாகப் பொருந்தும்.