செங்கோட்டைப் பக்கம் டிரில் மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கு

செங்கோட்டை, புளியரை, தென்காசி வட்டாரத்தில் டிரில் மெஷின் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் கொடுத்தது பெரிய தொகை இல்லை, 1,650 ரூபாய்தான். ஆனால் ஏமாந்த விதத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

வீட்டுப் பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கு மேல் ஒரு சாய்ப்பு இறக்க வேண்டும் என்று இரண்டு வருடமாகப் பேச்சு. ஜூன் பிறந்தால் இங்கே சாரல். ஆரியங்காவு கணவாய் வழியாக வருகிற காற்று மழையை நேராகக் கொல்லைக் கதவில் கொண்டுவந்து அடிக்கும். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு அது சுகம். ஈரத் துணியை எங்கே காயப்போடுவது என்று நிற்கிறவர்களுக்கு இல்லை. வெல்டிங் கடையில் சொன்ன தொகையில் பாதி கூலி. நாலு ஆங்கிளைச் சுவரில் மாட்டி ஷீட்டைத் திருகினால் முடிந்தது, இதற்கு எதற்கு ஆள் என்று நானே இறங்கினேன். வீட்டுக்காரி ஒரு பார்வை பார்த்தாள். பேசவில்லை.

மே கடைசி வாரம் கடைக்குப் போனேன். கடை பேர் சொல்லப்போவதில்லை. நான் கேட்ட கம்பெனி மெஷின் மூவாயிரத்துக்கு மேல். நான் யோசிப்பதைப் பார்த்து கடைக்காரர் கீழ்த்தட்டிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்தார். பெரிய கம்பெனியின் அதே நிறம், அதே எழுத்து, பேரில் மட்டும் ஒரு எழுத்து கூடுதல்.

"அண்ணாச்சி, இது கேரளா மார்க்கெட்டுக்குன்னே வர்ற சரக்கு. அங்க உள்ளவன் மட்டமான சாமான தொடவே மாட்டான். உங்களுக்காக 1,650 போட்டுத் தாரேன்."

எல்லை ஊர்க்காரனுக்கு இந்த வார்த்தையில் ஒரு மயக்கம் உண்டு. 1956 நவம்பர் வரை எங்கள் ஊரே அந்தப் பக்கம்தான் இருந்தது. குடை, வேட்டி, தேங்காய் எண்ணெய் எல்லாம் மலைக்கு அந்தப் பக்கத்துச் சாமான் என்றால் இன்றும் வீட்டில் தனி மதிப்பு. விழுந்தேன். பெட்டி மேலே '850 வாட், 13 எம்எம், ஜெர்மன் டெக்னாலஜி' என்று போட்டிருந்தது. ஜெர்மனியில் செய்தது என்று எங்கேயும் இல்லை, டெக்னாலஜி மட்டும்தான் ஜெர்மன். வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் படித்தபோதுதான் அது உறைத்தது.

முதல் ஓட்டை செங்கல் சுவரில். வெண்ணெய் மாதிரி இறங்கியது. எனக்கு ஒரே பெருமை. இரண்டாவது லிண்டல் கான்கிரீட். அரை அங்குலம் போனதும் பிட் அதே இடத்தில் சுற்றிக்கொண்டு நின்றது. இன்னும் அழுத்தினேன். வெளியே எடுத்துப் பார்த்தால் நுனி நீலம் பூத்திருக்கிறது, முனையில் பற்றவைத்திருந்த கார்பைடு துண்டைக் காணோம், சுவருக்குள்ளேயே உதிர்ந்துவிட்டது. மெஷினோடு கொடுத்த அடுத்த பிட்டை மாட்டி நாலாவது ஓட்டை போடும்போது பின்பக்கக் காற்றுத் துளை வழியாகத் தீப்பொறி, அப்புறம் வார்னிஷ் கருகிய நாற்றம். அதோடு சரி.

இதில் என் தப்பும் இருக்கிறது. நான் வாங்கியது இம்பாக்ட் டிரில். அது பல் வைத்த இரண்டு வட்டு ஒன்றன்மேல் ஒன்று உரசித் தடதடவென்று அதிர்கிற மெஷின். செங்கலுக்கு அது போதும். பழைய கான்கிரீட்டுக்கு ரோட்டரி ஹாமர் வேண்டும். அதில் உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கி பிட்டின் பின்னால் ஓங்கி அடிக்கும். இது தெரிந்திருந்தால் லிண்டல் பக்கமே போயிருக்க மாட்டேன். ஆனால் நல்ல இம்பாக்ட் டிரில்லாக இருந்தால் திணறியிருக்குமே தவிர, நாலு ஓட்டையில் உயிரை விட்டிருக்காது.

மோட்டார் காயில் கட்டுகிற அண்ணனிடம் கொண்டுபோனேன். ஐந்தே நிமிடத்தில் பிரித்துப் போட்டார். காயில் செம்பு நிறத்தில்தான் இருந்தது. பிளேடை எடுத்து ஒரு கம்பியைச் சுரண்டினார். மேல்பூச்சு உரிந்ததும் உள்ளே வெள்ளை.

"அலுமினியம். செம்பு மாதிரி கலர் அடிச்சிருக்கான்."

முன்பக்கம் பேரிங் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புஷ், அதாவது குண்டு இல்லாத வெறும் வளையம். அதனால்தான் பிட் அப்படி ஆடியிருக்கிறது. நான் என் கைதான் ஆடுகிறது என்று நினைத்தேன். மோட்டாரில் சுற்றுகிற பாகமான ஆர்மேச்சரை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். "இந்த சைஸுக்கு 350 வாட் தாங்கினா பெருசு. 850ன்னு எழுத மை மட்டும் போதும்லா" என்றார். கட்டித்தர முடியாதா என்றேன். கட்டுற கூலிக்குப் புதுசே வாங்கிரலாம் என்று சிரித்தார்.

கடைக்குத் திரும்பப் போனால் ஆளே மாறிவிட்டார். கரண்டு கூடுதலாக வந்திருக்கும், நீங்கள் அழுத்திப் பிடித்திருப்பீர்கள், இப்படி ஒவ்வொன்றாக. பில்லை நீட்டினேன். அதன் தலையில் 'எஸ்டிமேட்' என்று இருந்தது, அதாவது அது முறையான பில்லே இல்லை, கீழே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது'. வாங்கும்போது இரண்டையும் நான் படிக்கவில்லை. வாரண்டி கார்டில் கொல்லத்து முகவரி ஒன்றும் போன் நம்பரும் இருந்தது. எண்ணிப் பார்த்தேன். ஒன்பது இலக்கம்தான்.

அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்குப் புனலூர் போக வேண்டியிருந்தது. விடுவானேன் என்று பெட்டியையும் பையில் வைத்துக்கொண்டு போய் அங்கே ஒரு டூல்ஸ் கடையில் காட்டினேன். கடைக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தமிழ்நாட்டீந்நு வருந்ந சாதனமல்லே சேட்டா?" என்றார். இங்கே கேரள சரக்கு, அங்கே தமிழ்நாட்டுச் சரக்கு. இது எங்கேதான் பிறந்தது என்று பெட்டியிலும் இல்லை. வெளிநாட்டுச் சாமான் என்றால் தயாரான நாடு, இறக்குமதி செய்தவர் பேரும் முகவரியும், மாதம், வருடம், அதிகபட்ச விலை எல்லாம் அச்சடித்திருக்க வேண்டும். என் பெட்டியில் இருந்தது ஒரு ஜெர்மன் கொடி.

ஊர் திரும்பியதும் 1915க்குப் போன் போட்டேன், தேசிய நுகர்வோர் உதவி எண். பில் கேட்டார்கள். எஸ்டிமேட் சீட்டு, யுபிஐயில் பணம் போனதற்கான ஸ்க்ரீன்ஷாட், பிரித்துப் போட்ட காயிலின் போட்டோ, மூன்றையும் கொடுத்தேன். பதிவு செய்துகொண்டார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில் கொடுக்காமல் விற்பதே நேர்மையற்ற வணிக முறைதான். பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு எதுவும் இல்லை என்றால் 30 நாள் கணக்கு. 'திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சடித்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்பது கடைக்காரர்களின் நம்பிக்கை மட்டும்தான். கையில் பணமாகக் கொடுத்திருந்தால் என்னிடம் காட்ட ஒன்றுமே இருந்திருக்காது.

புகார் எண்ணைக் காட்டியதும் கடைக்காரர் மறுபடி 'அண்ணாச்சி' ஆனார். டீ வந்தது. 1,000 ரூபாய் தந்து, மெஷினைப் பெட்டியோடு வாங்கிக்கொண்டார். மீதி 650க்கு அலைய எனக்குத் தெம்பில்லை. அது சரியா தப்பா என்று வீட்டில் இன்னும் சண்டை நடக்கிறது.

ஓட்டை வேலை எப்படி முடிந்தது என்றால், வெல்டிங் கடையிலிருந்தே ஒரு நாள் வாடகை 300 ரூபாய்க்கு ரோட்டரி ஹாமர் எடுத்து வந்தேன். எட்டு ஓட்டை, இருபது நிமிடம். வருடத்துக்கு ஒருமுறை தொடுகிற சாமானை நான் இனி வாங்குவதாக இல்லை. பட்டித் தகடு, பிரஷ் மாதிரியானது மட்டமாக இருந்தாலும் ஒப்பேற்றலாம். கரண்டில் சுற்றுகிறதை, அதுவும் சாரலில் நனைந்த சுவரில் வைத்து அழுத்துகிறதை, அப்படி வாங்கமாட்டேன். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கிற சுவிட்ச்) போடாதவர்கள் முதலில் அதைப் போடுங்கள்.

போன வாரம் ஒரு பல்பு ஹோல்டர் வாங்க அந்தக் கடைக்குள் போனேன். வேறு கடை பூட்டியிருந்தது. கீழ்த்தட்டில் அதே பெட்டி. மூலையில் என் பையன் நீல பேனாவால் வரைந்த பூனை, மீசையோடு அப்படியே இருக்கிறது. யாரிடமாவது அந்தப் பெட்டியை நீட்டினால், பூனை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.