பீர்ல போட முந்திரி, மல்லி வேணுமா, காரைக்குடில இந்தக் கடைக்குப் போங்க

தை மாசம் தங்கச்சி கல்யாணத்துக்குப் பள்ளத்தூர் வந்திருந்தப்ப காரைக்குடி கல்லுக்கட்டி பக்கம் இருக்குற இந்த மசாலா சாமான் கடைல ரெண்டு தடவை சாமான் வாங்குனேன், இப்ப அத வச்சு மூணு பேட்ச் பீர் காய்ச்சிக் குடிச்சுப் பாத்துட்டுத்தான் எழுதுறேன். நான் இருக்குறது சிங்கப்பூர். அங்க 18 வயசு ஆனவங்க வீட்டுக்கு மாசம் 30 லிட்டர் வரைக்கும் சொந்தத்துக்குக் காய்ச்சிக்கலாம், விக்கத்தான் கூடாது. நம்ம ஊர்ல வீட்ல காய்ச்சுறது மதுவிலக்குச் சட்டப்படி குத்தம், அதனால ஊர்ல இருக்குறவங்க யாரும் இதப் பாத்து இறங்கிடாதீங்க.

பீர்ல பருப்பு, விதை போடுறதுல பெரிய தொல்லை எண்ணெய்தான். முந்திரி, எள்ளு, நிலக்கடலை எல்லாத்துலயும் கிட்டத்தட்ட பாதி எண்ணெய், அது பீர் மேல மிதந்துச்சுன்னா நுரை நிக்காது, ஊத்துன உடனே அமுங்கிரும். அதுக்கும் மேல பருப்பு பழசா இருந்தா அந்த சிக்கு வாடை முழு டப்பாவுலயும் ஏறிக்கும், அப்புறம் என்ன செஞ்சாலும் போகாது. போன வருசம் வேற ஒரு இடத்துல வாங்குன பாக்கெட் முந்திரியால பத்து லிட்டரையும் சிங்க்ல கொட்டுனேன், மூணு வாரம் காத்திருந்துட்டு கொட்டுறது ரொம்ப வலிச்சுது.

அதனாலதான் இந்தக் கடை எனக்குப் புடிச்சுது. எல்லாமே மூட்டைல, டின்னுல திறந்து வச்சிருக்காங்க, கடிச்சுப் பாத்து வாங்கலாம். "பீருக்கு"ன்னு சொல்ல முதல்ல கூச்சமா இருந்துச்சு, ஆனா சொன்னதும் கடைக்கார அண்ணன் ஒண்ணும் முகம் மாறல, "அப்ப உப்பு போட்டது வேணாம், நெய்ல வறுத்ததும் வேணாம், பச்சையா எடுத்துட்டுப் போய் நீங்களே வறுத்துக்கங்க தம்பி"ன்னாரு. ஆதனக்கோட்டை முந்திரி ரெண்டா ஒடைஞ்சத ஒரு கிலோ எடுத்தேன், பீருக்கு முழுசு தேவையே இல்ல, ஒடைஞ்சது வெலையும் கம்மி. ஒண்ண வாயில போட்டுக் கடிச்சுட்டு உடனே முழுங்காம கொஞ்ச நேரம் வச்சிருந்தேன், கடைசில தொண்டைல கசப்போ காறலோ வரல, பால் மாதிரி இனிப்பு மட்டும் நின்னுச்சு. எங்க அப்பத்தா பருப்பு வாங்குறப்ப எப்பவும் இப்படித்தான் பாக்கும்.

மல்லிதான் இந்தக் கடையோட உசுரு. அண்ணன் ஒரு பிடி எடுத்து ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு நெறிச்சு "மோந்து பாருங்க"ன்னு நீட்டுனாரு, எலுமிச்சைத் தோல் உரிச்ச மாதிரி குப்புன்னு ஏறுச்சு. மொராக்கோ மல்லி உருண்டையா இருக்கும், நம்ம மல்லி கொஞ்சம் நீளவாக்கு, வாசனையும் இதுல இனிப்பா இருக்கும். பெல்ஜியம்காரங்க கோதுமை பீர்ல மல்லியும் ஆரஞ்சுத் தோலும் போடுறது பழைய வழக்கம், அதத்தான் நானும் செஞ்சேன். பத்து லிட்டருக்கு பத்து கிராம் மல்லி, பொடி பண்ணக் கூடாது, உரல்ல ஒண்ணு ரெண்டா தட்டி, கொதி முடியுறதுக்கு அஞ்சு நிமிசம் இருக்கப்ப போட்டேன். சிங்கப்பூர் சூட்டுக்கு க்வைக்னு நார்வே ஈஸ்ட் ஒத்து வரும், 33 டிகிரிலயும் கெட்ட வாசனை வராம நாலே நாள்ல வேலைய முடிச்சுருச்சு. இதுவரைக்கும் நான் காய்ச்சுனதுலயே இதுதான் நல்ல பீர்.

முந்திரிக்கு மெனக்கெடணும். சின்னத் தீயில பொன்னிறமா வறுத்து, ஒண்ணு ரெண்டா நுணுக்கி, பேப்பர்ல பரப்பி வச்சேன், எண்ணெய் இறங்கி பேப்பர் கண்ணாடி மாதிரி ஆகும், மாத்தணும், நான் ரெண்டு நாள்ல நாலு தடவை மாத்துனேன். அப்புறம் 300 கிராம கொதிக்க வச்ச வேட்டித் துணில முடிஞ்சு, பொங்கி அடங்குன பிரவுன் ஏல்ங்குற பழுப்பு நிற பீர்ல அஞ்சு நாள் தொங்க விட்டேன். நுரை சாதாரண பீர் அளவுக்கு இல்ல, ஆனா ஒரு விரக்கடை நின்னுச்சு, வாசனை அப்படியே கல்யாண வீட்டு அடுப்படி. ஃப்ரெண்ட்ஸ்க்குக் குடுக்குறவங்க பாட்டில்ல முந்திரி போட்டிருக்குன்னு எழுதி ஒட்டிருங்க, அலர்ஜி இருக்குறவங்களுக்கு இது உசுரு சமாச்சாரம்.

கருப்பு எள்ளும் நல்ல சரக்குதான், கல்லு மண்ணு இல்ல, ஆனா நூறு கிராம் போட்டதுல எள்ளுருண்டை வாசம் பீரையே மூடிருச்சு, அடுத்த தடவை முப்பது போதும்.

குறைன்னா ஒண்ணு இருக்கு. கல்லா பக்கத்துல தொங்குன வறுத்த நிலக்கடலை பாக்கெட் ரெண்டு அவசரத்துல எடுத்துட்டேன், தேதியே இல்ல, சிங்கப்பூர் போய் பிரிச்சா அதே சிக்கு வாடை. மூட்டைல இவ்வளவு நல்ல சரக்கு வச்சிருக்குற கடை அந்த பாக்கெட்ட ஏன் தொங்க விடணும்னு கோவம் வந்துச்சு. நிலக்கடலைல பூஞ்சை ஏறுனா உடம்புக்கும் கெடுதல், அதனால தூக்கிப் போட்டுட்டேன். அதுக்காக ஒரு ஸ்டார் குறைச்சு நாலு குடுக்குறேன்.

சிங்கப்பூர் போறவங்க இன்னொன்னு கவனிங்க, பில் போடுறப்ப அண்ணன் "குருமாவுக்கு ஆகும்"னு கசகசாவும் எடுத்து வச்சாரு, நல்லவேளை பாத்துட்டேன். அங்க கசகசா தடை, பெட்டில இருந்தா பெரிய சிக்கல். முந்திரி, மல்லி, எள்ளு மூணையும் தனித்தனி கவர்ல போட்டு சீல் பண்ணித் தரச் சொல்லுங்க, கேட்டா செஞ்சு தர்றாங்க. மத்தியானம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் கடை சாத்தியிருக்கும், காலைல போங்க, கூட்டம் இல்லாதப்பதான் நின்னு கடிச்சுப் பாக்க முடியும்.