வோக் ரன்வே: வெட்டு தெரிகிறது, துணி தெரிவதில்லை

ஆடைகளைப் பற்றிய இணையதளங்களில் பெரும்பாலானவை, எதையாவது நம் தலையில் கட்டிவிட வேண்டும் என்ற அவசரத்துடனேயே நம்மை வரவேற்கின்றன. வோக் இதழின் ரன்வே பகுதி அந்த அவசரத்தைப் பெருமளவு ஒதுக்கி வைத்துவிட்டு, உலகின் முக்கியமான ஃபேஷன் ஷோக்களில் காட்டப்பட்ட உடைகளைப் பருவவாரியாகவும் நிறுவனவாரியாகவும் அடுக்கி வைத்திருக்கிறது. உடுத்துவதற்காக மட்டுமின்றிப் பார்ப்பதற்காகவும் ஆடையை விரும்புகிறவர்களுக்கு இதற்கு நிகரான சேமிப்பகம் இன்னொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் துணியையும் தையலையும் அறிய விரும்புகிறவர்களுக்கு இது பாதி வழி வரைதான் துணைக்கு வரும்.

இதன் வேர் 2000ஆம் ஆண்டில், வோக் இதழை வெளியிடும் கோண்டே நாஸ்ட் நிறுவனம் தொடங்கிய ஸ்டைல்.காம் தளத்தில் இருக்கிறது. 2015இல் அந்தப் பெயரை இணையக் கடை ஒன்றுக்கு ஒதுக்கிவிட்டு, ஷோக்களின் படங்களையும் விமர்சனங்களையும் வோக் ரன்வே என்ற புதிய பெயருக்கு மாற்றினார்கள். கடை 2016இல் திறக்கப்பட்டு, 2017இலேயே மூடப்பட்டது. பணம் ஈட்டித் தரும் என்று நம்பப்பட்டது மறைந்துபோக, ஓரமாக நகர்த்தப்பட்ட படக் குவியல் இன்றும் நிலைத்திருக்கிறது.

பயன்படுத்தும் முறை எளிது. பருவத்தையும் நிறுவனத்தையும் தேர்ந்தெடுத்தால், முதலில் ஒரு விமர்சனமும், அதையடுத்து மாடல்கள் நடந்து வந்த வரிசையிலேயே எண்ணிடப்பட்ட படங்களும் கிடைக்கின்றன. புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: 'வசந்தம் 2024' என்று குறிக்கப்பட்ட ஆயத்த ஆடைகள், 2023 செப்டம்பரிலும் அக்டோபர் தொடக்கத்திலும் நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ் என்ற வரிசையில் காட்டப்பட்டவை. கடைக்கு வரும் காலத்தை வைத்துத்தான் பெயரிடுகிறார்கள் என்பது பிடிபட்டுவிட்டால் பிறகு சிக்கல் இல்லை.

வரிசையாகப் பார்ப்பதில் என்ன கிடைக்கிறது என்பதற்கு, வாலென்டினோ நிறுவனத்திற்காக வடிவமைப்பாளர் பியர்பாவ்லோ பிச்சோலி 2022 மார்ச்சில் பாரிஸில் காட்டிய தொகுப்பு நல்ல சான்று. இடையில் வரும் கறுப்பு உடைகளை நீக்கிவிட்டால், மற்ற அனைத்தும் ஒரே அடர் இளஞ்சிவப்பு. பின்னணியும் அதே நிறம். ஒரு படத்தைத் தனியாகப் பார்த்தால் கண் கூசுமே தவிர வேறொன்றும் தோன்றாது. பத்துப் பதினைந்து படங்களைத் தொடர்ந்து பார்த்தால், நிற வேறுபாடு இல்லாத காரணத்தினாலேயே, கழுத்து எவ்வளவு இறங்குகிறது, தோளில் துணி எங்கே நிற்கிறது, மெல்லிய துணி எங்கே ஒளியை விடுகிறது, கனத்த துணி எங்கே மடிப்பைத் தாங்குகிறது என்பவையெல்லாம் ஒவ்வொன்றாகத் தெளிகின்றன. சமூக ஊடகத்தில் உதிரியாக வந்து விழும் படங்கள் இந்தப் பயிற்சியை ஒருபோதும் தருவதில்லை.

தளத்தின் எல்லையும் இந்தப் படங்களிலேயே இருக்கிறது. வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்குவீனின் 'வசந்தம் 1999' ஷோவின் முடிவில், மாடல் ஷாலோம் ஹார்லோ அணிந்திருந்த வெள்ளை உடையின் மீது இரண்டு ரோபோக்கள் வண்ணம் பீய்ச்சின. சுழலும் மேடையில் அவர் நின்றிருக்க, வெள்ளைத் துணியில் மஞ்சளும் கறுப்பும் படர்ந்த அந்த நேரம்தான் அந்த உடையின் உயிர். அசையாத படத்தில் கறைபட்ட துணி மட்டுமே எஞ்சுகிறது. காணொளியைத் தேடிப் பார்ப்பதே நல்லது.

என் பெரிய குறை வேறு. ஓர் உடை பட்டா, விஸ்கோஸா, பாலியெஸ்டரா என்பதைப் பெரும்பாலான படங்களுக்கு அருகில் யாரும் எழுதுவதில்லை. விமர்சனத்தில் ஓரிரு உடைகளைப் பற்றிக் குறிப்பு வரலாம். மற்றவற்றை நாம் ஊகிக்க வேண்டியதுதான். அதைவிட எரிச்சலூட்டுவது, பெரும்பாலான படங்கள் முன்பக்கத்தை மட்டுமே காட்டுவது. ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது முதுகுப் பக்கக் கழுத்தைப் பற்றித்தான் அதிக நேரம் பேசுகிற நம் ஊர்க்காரர்களுக்கு இது ஏமாற்றமாகவே இருக்கும். 'டீட்டெயில்ஸ்' பகுதி உள்ள இடங்களில் கைவேலையையும் செருப்பையும் பையையும் அருகில் பார்க்கலாம். எல்லா ஷோக்களுக்கும் அது இருப்பதில்லை.

விமர்சனங்களில் சாரா மோவரின் எழுத்தைத் தேடிப் படிக்கலாம். வடிவமைப்பாளர் என்ன நினைத்தார் என்பதோடு, அந்த உடை எந்தச் சூழலில் பிறந்தது என்பதையும் அவர் சொல்கிறார். ஆனால் பொதுவாக இங்கே கடுமையான சொல் அரிது. இதே நிறுவனங்களின் விளம்பரங்களைக் கொண்டுதான் வோக் போன்ற இதழ்கள் நடக்கின்றன என்பதை மறக்காமல், பாராட்டில் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொண்டு படிப்பது உத்தமம்.

இந்திய வாசகருக்கு இந்தத் தளம் தனிச் சுவை தரும். 2020 ஜனவரியில் பாரிஸ் ஓட் கூட்யூர் (அளவெடுத்துக் கைவேலையால் உருவாக்கும் உயர்ரக ஆடை) வாரத்தில் இடம்பெற்ற முதல் இந்திய வடிவமைப்பாளரான ராகுல் மிஷ்ராவின் பூ வேலைப்பாடுகளைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். 2023 மார்ச் 30 அன்று மும்பை கேட்வே ஆஃப் இந்தியா முன்னிலையில் டியோர் நடத்திய ஷோவில், மும்பையின் சாணக்யா கைவினைப் பள்ளியின் பங்கு வெளிப்படையாகவே பேசப்பட்டது. 2025 ஜூனில் மிலானில் பிராடா காட்டிய ஆண்கள் தொகுப்பில் கோலாப்பூர் செருப்பை அப்படியே ஒத்த செருப்புகள் வந்தபோது நிலைமை நேர்மாறு: தோல் செருப்பு என்று மட்டும் அறிவிக்கப்பட்டு, இந்தியாவில் எதிர்ப்பு கிளம்பிய பிறகே அந்த நிறுவனம் மூலத்தை ஒப்புக்கொண்டது. மகாராஷ்டிரம், கர்நாடகம் இரண்டுக்குமான புவிசார் குறியீட்டை 2019இலேயே பெற்ற பொருள் அது. எந்த நிறுவனம் எந்தப் பருவத்தில் எதை எடுத்தது என்பதைத் தேதியோடு காட்டும் சான்றாகவும் இந்தப் படங்கள் பயன்படுகின்றன.

பருவமோ நிறுவனத்தின் பெயரோ தெரிந்தால்தான் இங்கே விரைவாகத் தேட முடியும். 'கொசுவம் வைத்த பாவாடை' போல உடையின் தன்மையைக் கொண்டு தேட விரும்புகிறவர்கள், அலெக்சாண்ட்ரா வான் ஹூட் 2016இல் தொடங்கிய டேக்வாக் தளத்தை நாடலாம். அங்கே படங்களுக்கு நிறம், துணி, வடிவம் என்று குறிச்சொற்கள் இடப்பட்டுள்ளன. ஆனால் அங்கே விமர்சனம் கிடையாது.

வோக் தளத்தில் ஓர் அளவுக்கு மேல் படித்தால் சந்தா கேட்கும். எப்போதாவது எட்டிப் பார்ப்பவர்கள் கட்ட வேண்டியதில்லை. பொட்டிக் நடத்துகிறவர்களும் ஃபேஷன் படிக்கும் மாணவர்களும் கட்டலாம். கைபேசியைவிடக் கணினித் திரையில் பார்ப்பதே சரி, ஏனெனில் கைபேசியில் விளம்பரங்கள் இடையிடையே புகுந்து அந்த வரிசையின் தொடர்ச்சியைக் கெடுத்துவிடுகின்றன.